ஒண்டிராசாவின் உயிர்ப்புள்ளிகள்

கேகாலை,
09.02.2003

தங்கச்சி பிரேமலதாவுக்கு,

இந்தக் கடிதம் உன் அண்ணன் சசிக்குப் போக வேண்டியது. அவனுக்கு எழுதினால் பதில் வராது, கடிதத்தைச் சுருட்டிக் காது குடைவான். அதனால் உனக்கு எழுதுகிறேன். அவனையும் நம் கூட்டாளி அழகமுத்துவையும் உட்கார வைத்து வாசித்துக் காட்டு.

நான் வேலை செய்யும் நிலாம் நானாவின் பழைய புத்தகக் கடைக்குப் போன மாதம் ஒரு பெட்டி வந்தது. இங்கே தொண்டு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. அதற்குள் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றும் விசித்திரமான பகடைகளும் இருந்தன. நாலு முகம், எட்டு முகம், இருபது முகம். நிலாம் நானா பார்த்தவுடன், "சூதுச் சாமான் கடையில வேணாம், நீயே எடுத்துக்கொண்டு போ" என்றார். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். சூது இல்லை, கதை விளையாட்டு. ஒருவன் கதையை நடத்துவான். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக இருப்பார்கள். "கதவை உடைக்கிறேன்" என்று வீரன் சொல்வான், உடையுமா என்று பகடை சொல்லும். ஒவ்வொரு வீரனுக்கும் பலம், வேகம், புத்தி, எச்சரிக்கை, நெஞ்சுரம் என்று எண்கள் உண்டு. இருபது முகப் பகடையில் விழுவது அந்த எண்ணுக்குள் இருந்தால் காரியம் ஆகும். கடைசியில் உயிர்ப்புள்ளி. அடிபட்டால் குறையும், பூச்சியமானால் ஆள் முடிந்தான்.

புத்தகத்தில் இருக்கும் வீரர்கள் எல்லாரும் அந்த நாட்டுக்காரர்கள். பெயரைச் சொல்வதற்குள் வாய் சுளுக்கிக்கொள்கிறது. நமக்குத் தெரிந்த வீரர்களை எழுதினால் என்ன என்று உட்கார்ந்தேன். அழகமுத்துவுக்கு அவன் சோறு தண்ணீர் மறந்து படிக்கும் படக்கதை வீரன் முகமூடி மாறன். உனக்கு வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் வரும் துப்பறியும் துளசி. சசிக்கு? கேட்கவும் வேண்டுமா. உங்கள் கூத்தில் வரும் ஒண்டிராசாதான். எஹலியகொடையிலிருந்து இரத்தினபுரிவரை தோட்டத்து லயங்களில் அவனைத் தெரியாத வீடு உண்டா?

எழுதுவது லேசுப்பட்ட வேலை இல்லை, தங்கச்சி. மாறனின் துப்பாக்கியில் குண்டு தீர்ந்ததாக ஒரு படமும் கிடையாது. அப்படியே எழுதினால் விளையாட்டு முதல் நாளே முடிந்துவிடும். அதனால் ஆறு குண்டுதான் கொடுத்திருக்கிறேன், அழகமுத்து குதிப்பான். துளசிக்குப் புத்தி பதினெட்டு. ஆனால் சந்தேகப்பட்ட பங்களாவுக்கு வாரா வாரம் தனியாகப் போய் மாட்டிக்கொள்கிறாளே, அதற்காக எச்சரிக்கை ஐந்து. ஒண்டிராசாவுக்குப் பலம் பதினெட்டு, உயிர்ப்புள்ளி இருபத்துநான்கு. நெஞ்சுரத்தில்தான் பேனா நின்றுவிட்டது. பயங்கரமானதைக் கண்டால் எல்லா வீரனும் நெஞ்சுரத்துக்கு உருட்ட வேண்டும், தவறினால் பின்வாங்கி ஓட வேண்டும் என்று விதி. எட்டுப் பாளையத்தார் சூழ்ந்து நிற்கும்போது, "பயமா? அது எந்தச் சந்தையில விக்குது?" என்று கேட்கிறவனுக்கு எத்தனை போடுவது? அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். சசியே சொல்லட்டும்.

பகடைகளை இத்துடன் அனுப்புகிறேன். நீங்கள் உருட்டி எழுதுங்கள். என்ன நடந்தது என்று நான் எழுதுகிறேன்.

அன்புடன்,
மெல்வின்


கீழ்க்கணக்கு லயம்,
எஹலியகொட,
22.02.2003

மெல்வின் அண்ணனுக்கு,

பிள்ளைக்காம்பராவில் தாய்மார் வேலைக்குப் போகும்போது என்னிடம் விட்டுப்போன பிள்ளைகள் எல்லாம் தூங்குகிறார்கள். விழிப்பதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

எச்சரிக்கை ஐந்து என்று போட்டதற்கு உங்களைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன். அழகமுத்து நீங்கள் சொன்னபடியே குதித்தான். அண்ணன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ராசாவுக்கு அந்தக் கட்டமே இருக்கக் கூடாது. கோடு போட்டு அடிச்சிருன்னு மெல்வினுக்கு எழுது." அடித்துவிடுங்கள்.

ஒரு விசயம். நான் வாசிக்கும்போது அம்மா அடுப்படியில் கேட்டுக்கொண்டிருந்தது. பகடையை அண்ணன் கையில் எடுத்தவுடன் எழுந்து வந்து பிடுங்கிக்கொண்டது. "வெளையாட்டா இருந்தாலும் ராசா பேச்சு ராசா பேச்சுதான். காப்பு கட்டாம அத வாயில எடுக்கக் கூடாது. ஒங்கப்பன் ஒரு நாளும் எடுத்ததில்ல" என்றது. எங்கள் அப்பா ஐயாவு கட்டிய வேசம் அது, அவர் போன பிறகு அண்ணன் கட்டுகிறார், உங்களுக்குத் தெரியும். அம்மா மஞ்சள் நூலை முறுக்கி, மாடசாமி கல்லுக்கு முன்னால் வைத்து எடுத்து, அண்ணன் கையில் கட்டியது. அழகமுத்துவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அண்ணனும் சிரித்துக்கொண்டுதான் கையை நீட்டினார். அதற்குப் பிறகுதான் பகடை கிடைத்தது.

எனக்கு இந்த விளையாட்டு பிடித்திருக்கிறது. ஏன் தெரியுமா? அண்ணனும் அழகமுத்துவும் இப்போது குரு கங்கை ஆற்றுக்கு அந்தப் பக்கம் லாபிர் முதலாளியின் மாணிக்கக் குழிக்குப் போகிறார்கள். தோட்டத்துச் சம்பளத்தில் என்ன இருக்கிறது என்கிறார்கள். குழிக்கு உள்ளே வெறும் பலகையையும் மரக்கொம்பையும் முட்டுக்கொடுத்துவிட்டு இறங்குகிறார்களாம். அவர்கள் திரும்பி வருகிறவரை எனக்குச் சோறு இறங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமையாவது இரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்து பகடை உருட்டட்டும்.

உருட்டியவை தனித் தாளில் இருக்கின்றன.

பிரேமலதா


கேகாலை,
16.03.2003

தங்கச்சி பிரேமலதாவுக்கு,

நீங்கள் அனுப்பிய எண்களை வைத்துக் கோட்டை வாசல் சண்டையை எழுதியிருக்கிறேன். முழுக்க வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

கதவு திறந்தவுடன் எட்டுக் காவலர்கள் வந்தார்கள். மாறனுக்கு நெஞ்சுரம் தவறியது. குண்டும் தீர்ந்துவிட்டதால் கிணற்றடிக்கு ஓடி ஒளிந்துகொண்டான். துளசி, என்ன அதிசயமோ, எச்சரிக்கையில் வென்று மதிலில் ஏறிவிட்டாள். ஒண்டிராசா மட்டும் வாசலில் நின்றான். அவனும் ஓடியிருக்கலாம் என்று சொல்வீர்கள். ஓட முடியாது. பின்வாங்கும் விதி பயப்படுகிறவனுக்குத்தான். பயத்துக்குக் கட்டம் இல்லாதவனுக்கு ஓடவும் வழி இல்லை. புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அப்படித்தான் இருக்கிறது.

முதல் சுற்றில் மூன்று பேரைச் சாய்த்தான். இரண்டாவதில் ஒருவனை. அதற்குப் பிறகு சசி உருட்டியதெல்லாம் பதினெட்டுக்கு மேல், காவலர்களுக்கு அழகமுத்து உருட்டியதெல்லாம் ஒன்றும் இரண்டும். இருபத்துநான்கு புள்ளியும் போய்விட்டன. ஒண்டிராசா விழுந்தான். உயிர் 0.

நல்ல சாவு என்று சசியிடம் சொல். அடுத்த கதைக்கு வேறு ஒரு வீரனை எழுதித் தருகிறேன்.

மெல்வின்


கீழ்க்கணக்கு,
30.03.2003

மெல்வின் அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை நான் சத்தமாக வாசித்திருக்கக் கூடாது. "ஒண்டிராசா விழுந்தான்" என்று வந்தவுடன் அம்மா கையிலிருந்த சுளகைக் கீழே போட்டுவிட்டு அண்ணன் கையைப் பார்த்தது. காப்பு அப்படியே இருந்தது.

கூத்தில் படுகளத்தை நீங்கள் தூரத்தில் நின்றுதான் பார்த்திருப்பீர்கள். விழுந்த ராசாவை வெள்ளைத் துணியால் மூடிவிடுவார்கள். அவரை எழுப்புகிறவரை அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அவர் ஆறு தாண்டக் கூடாது, குழியில் இறங்கக் கூடாது, பிணத்தைத் தொடக் கூடாது. காப்பையும் அறுக்கக் கூடாது. எழுப்புவதும் யாரோ எவரோ இல்லை. வெட்டியவர்தான் துணியின் நுனியைத் தூக்கி, "எழு ராசா" என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். அப்பா ஒருமுறை விழுந்தபோது வெட்டியவருக்குக் காய்ச்சல் கண்டு களத்தைவிட்டுப் போய்விட்டார். அவரை விடியும்போது தூக்கிக்கொண்டு வந்து எழுப்பினார்கள். அதுவரை அப்பாவின் கைகால் சில்லிட்டுக் கிடந்தது என்று அம்மா இப்போதும் சொல்லும்.

அண்ணன் முதல் நாள் சிரித்தார். "மெல்வினு என்னய கொன்னுட்டான்டா" என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மறுநாள் காலையில் குழிக்குப் போனார். ஆற்றங்கரையில் தண்ணீருக்குள் கால் வைக்க முடியவில்லையாம். அழகமுத்து கையைப் பிடித்து இழுத்தானாம், அண்ணன் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாராம். வீட்டுக்கு வந்தபோது உடம்பெல்லாம் வியர்வை. "வெயில்" என்றார். அன்று மழை.

அண்ணே, எனக்குப் பயமாக இருக்கிறது. விளையாட்டுத்தான், தெரியும். ஆனால் காப்பு விளையாட்டுக் காப்பு இல்லையே. வெட்டியவர் நீங்கள். எழுப்புகிற மாதிரி நாலு வரி எழுதி அனுப்பிவிடுங்கள், நான் வாசித்துவிடுகிறேன். அவ்வளவுதான் கேட்கிறேன்.

பிரேமலதா


கேகாலை,
08.04.2003

பிரேமலதாவுக்கு,

நீயா இப்படி எழுதினாய் என்று இரண்டு தரம் வாசித்தேன். ஓ/எல் பரீட்சை எழுதியவள் நீ.

எழுத மாட்டேன். அழகமுத்துவின் மாறன் அடுத்த மாதம் செத்தால் அவனையும் எழுப்ப வேண்டும். உன் துளசியையும் எழுப்ப வேண்டும். பிறகு எதற்குப் பகடை, எதற்கு எண்? சாகாதவனை வைத்துக் கதை நடத்த முடியாது. ஒண்டிராசாவை எழுதும்போது நான் இரவல் பேனாவில் எத்தனை தாள் கிழித்தேன் தெரியுமா? அவனுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அவன் பயப்படாதவன் என்று நீங்கள்தான் கோடு போடச் சொன்னீர்கள். பயப்படாதவன் எப்படிச் சாவானோ அப்படித்தான் செத்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன், மனதில் கிடந்து அரிக்கிறது. நான் தூரத்தில் நின்று பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். யார் தூரத்தில் நிறுத்தியது? உபதேசியார் பவுலின் மகனுக்குக் களத்தில் என்ன வேலை என்று உங்கள் கோயில் கமிட்டிக்காரர்கள் விரட்டினார்கள். சாத்தானின் கூத்தைப் பார்த்தாயா என்று வீட்டில் அப்பா பெல்ட்டால் அடித்தார். சசி ராசாவாக வந்து நிற்கும்போது நான் றப்பர் மரத்துக்குப் பின்னால் நின்று அவன் வசனத்தை அவனுக்கு முன்னால் சொல்லி முடிப்பேன். எனக்கு அத்தனையும் பாடம். காகிதத்தில்தான் எனக்கு அந்த ராசா கிடைத்தான். இங்கேயும் உங்கள் களத்து விதியைக் கொண்டு வருகிறீர்கள்.

உங்கள் ராசா ஏன் பயப்படுவதில்லை தெரியுமா? விழுந்தால் எழுப்ப ஆள் நிற்கிறது. அப்படி ஆள் நின்றால் நானும்தான் எட்டுப் பேருக்கு முன்னால் நிற்பேன்.

சசியைக் காப்பை அறுத்தெறிந்துவிட்டு வேலைக்குப் போகச் சொல்.

மெல்வின்


கீழ்க்கணக்கு,
23.04.2003

மெல்வின் அண்ணனுக்கு,

உங்களை விரட்டியது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். இப்போது வருகிறது. ஆனால் அதற்காக என் அண்ணனைப் படுக்கப் போடுவீர்களா?

ஞாயிற்றுக்கிழமை உங்கள் கோயில் மணியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் எழுந்தார் என்று நீங்கள் வருசா வருசம் பாடுகிறீர்கள். அதற்கு எந்தப் பகடையை உருட்டினீர்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் எங்களைக் கேட்காதீர்கள்.

இங்கே நிலைமை சொல்கிறேன். அண்ணன் காப்பை அறுக்கவில்லை. ஒருநாள் கத்தியை எடுத்து நூலுக்குக் கீழே வைத்தார், கத்தி வழுக்கி மணிக்கட்டில் கீறிவிட்டது. அதற்குப் பிறகு தொடுவதில்லை. அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தட்டைத் தரையில் வைத்துவிட்டு, "சோறு இருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொல்லும். பக்கத்துக் காம்பராக்காரர்களும் இப்போது அப்படித்தான். பிள்ளைகள் வாசலில் விளையாட வருவதில்லை. ஆளைப் பார்த்தால் உங்களுக்குப் பாவமாக இருக்கும். சேவ் எடுப்பதில்லை. கூப்பிட்டால் உடனே திரும்புவதில்லை. முந்தாநாள் நான் தெரியாத்தனமாக "சசி அண்ணே" என்றுவிட்டேன். "யார கூப்புடுற?" என்றார். சும்மாதான் கேட்டார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். சும்மா கேட்கவில்லை.

லாபிர் முதலாளி ஆள் அனுப்பியிருந்தார். அண்ணனுடைய இடத்தை இன்னும் கொஞ்ச நாள்தான் வைத்திருப்பாராம். அழகமுத்து இரண்டு பேர் வேலையையும் இழுத்துக்கொண்டு கிடக்கிறான். வருகிற வழியில் தினமும் எட்டிப் பார்த்து, "மெல்வின்கிட்டயிருந்து கடிதாசி வந்திச்சா?" என்று கேட்கிறான். அவன்கூடச் சிரிப்பதை விட்டுவிட்டான்.

நான் படித்தவள்தான். படித்ததால் பயம் போய்விடவில்லை. உங்கள் விதிப் புத்தகத்தைவிட எனக்கு அண்ணன் பெரிது. உங்களுக்கும் அவர் ஒரு காலத்தில் பெரிதாக இருந்தார்.

பிரேமலதா


கேகாலை,
08.05.2003

தங்கச்சிக்கு,

"யாரைக் கூப்பிடுகிறாய்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். கடையில் யாரோ வந்து பயிற்சிப் புத்தகம் கேட்டார்கள். நான் எழுந்திருக்காததைப் பார்த்து நிலாம் நானாவே எடுத்துக் கொடுத்தார்.

உண்மையைச் சொல்கிறேன். விதிக்காக நான் மறுக்கவில்லை. விதி என்ன பெரிய விதி, நான் நினைத்தால் மாற்றலாம், கதை நடத்துபவனுக்கு அந்த உரிமை உண்டு என்று புத்தகத்திலேயே இருக்கிறது. எனக்குப் பயம். நான் எழுதி அவன் எழுந்துவிட்டால், நான் எழுதித்தான் அவன் விழுந்தான் என்று ஆகிவிடுமே. ஒரு கடிதம் எழுதி ஆளைப் படுக்கப் போடவும் எழுப்பவும் நான் யார்? இதை அப்பாவிடம் சொல்ல முடியாது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

இருந்தாலும் எழுதிவிட்டேன். தனித் தாளில் இருக்கிறது. கூத்தில் வரும் வார்த்தைகள்தான், ஒன்றும் மாற்றவில்லை. எனக்குப் பாடம் என்று சொன்னேனே. துணியின் நுனியை என் கையில் பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதினேன். மூன்று தரம் "எழு ராசா". அதை நீ வாசி. அம்மா முறைப்படி துணி விரிக்கட்டும், தண்ணீர் தெளிக்கட்டும். முடிந்தவுடன் காப்பை அறுத்து ஆற்றில் விட்டுவிடுங்கள்.

எழுந்தவுடன் எனக்கு ஒரு வரி எழுதச் சொல். காது குடையாமல் எழுதச் சொல்.

மெல்வின்


கேகாலை,
20.05.2003

பிரேமலதா,

இரத்தினபுரிப் பக்கம் மண் சரிந்து லயங்கள் போய்விட்டதாகவும் ஆறுகள் பெருகி ஊர்கள் மூழ்கியதாகவும் வானொலியில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பஸ் போகவில்லை. தோட்டத்து ஆபீசுக்குப் போன் எடுத்தேன், மணி அடிக்கவே இல்லை.

என் கடிதம் வெசாக் பௌர்ணமிக்கு முன்னால் வந்து சேர்ந்திருக்கும். நீ வாசித்திருப்பாய். அவன் எழுந்திருப்பான். எழுந்தவுடன் எங்கே போயிருப்பான்? குழிக்குத்தானே. நேற்றிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான்தான் அவனை ஆறு தாண்ட விட்டேன்.

ஒரு சொல் எழுது. இருக்கிறான் என்றோ இல்லை என்றோ. இந்தக் கடிதம் வந்து சேருமா என்றும் தெரியவில்லை.

மெல்வின்


கீழ்க்கணக்கு,
28.05.2003

மெல்வின் அண்ணனுக்கு,

அண்ணன் இருக்கிறார். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

அழகமுத்து இல்லை. வெசாக் முடிந்து மறுநாள் காலையில் மழை கொஞ்சம் விட்டிருந்தது. குழிக்குள் இறக்கியிருந்த தண்ணீர் இறைக்கும் எஞ்சினைக் காப்பாற்றி மேலே ஏற்ற வேண்டும் என்று முதலாளி ஆள் விட்டார். அழகமுத்துவும் மேல்லயத்துக் கந்தையாவும் போனார்கள். ஆள் இறங்கியிருக்கும்போதே ஆற்றுப் பக்கத்துக் கரை சரிந்து குழிக்குள் விழுந்தது. கந்தையாவை அன்றே எடுத்தார்கள். அழகமுத்துவைத் தண்ணீர் வடிந்த பிறகுதான் எடுத்தார்கள்.

எஞ்சின் அண்ணனுடைய பொறுப்பு. வேலைக்குப் போயிருந்தால் இறங்குகிறவர் அவர்தான்.

உங்கள் கடிதம் வெசாக்குக்கு முன்பே வந்துவிட்டது. பிள்ளைக்காம்பராவில் வைத்துத்தான் வாசித்தேன். அழுகை வந்தது. ஓடிப்போய் அம்மாவிடம் சொல்ல எழுந்தேன். வாசல்வரை வந்தவள் நின்றுவிட்டேன். இதை வாசித்தால் நாளைக்கே ஆற்றைத் தாண்டிக் குழிக்குள் இறங்குவார் என்று தோன்றியது. அவர் விழுந்து கிடந்த அத்தனை நாளும் நான் பயந்துகொண்டிருந்தேன். ஆனால் குழியைப் பற்றிப் பயப்படவில்லை. அதை அப்போதுதான் கண்டேன். ஒரு கிழமை போகட்டும், இந்த மழை முடியட்டும் என்று தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அழகமுத்து வெசாக் அன்று மாலையும் வந்து, "கடிதாசி வந்திச்சா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "சரி, நாளைக்கு வரும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அது அவன் என்னிடம் கடைசியாகச் சொன்னது. இந்தத் தாளை வாசித்து எழுப்பியிருந்தால் அண்ணன் போயிருப்பார், அழகமுத்து மேலே நின்றிருப்பான். இதை நான் யாரிடம் சொல்வேன்? உங்களிடம்தான் சொல்ல முடியும்.

அடக்கத்தன்று, பிணத்தைத் தொடக் கூடாது என்று அண்ணன் புதைகாட்டுக்கு வெளியே நின்றார். மண்கூடப் போடவில்லை. அழகமுத்துவின் அம்மா அவரைக் கடந்து போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இனிமேல்தான் உங்களிடம் கேட்க வேண்டியது இருக்கிறது. தண்ணீர் வடிந்துவிட்டது. லாபிர் முதலாளி பக்கத்திலேயே வேறு குழி தொடங்குகிறார். வீட்டுக்கே வந்தார். நல்லபடியாகத்தான் பேசினார், ஆள் இல்லை என்று கண் கலங்கினார். அண்ணன் அவரிடம் சொன்னார்: "மெல்வினு எழுப்பட்டும் முதலாளி. எழுப்பின மறுநாளே எறங்குறேன். அழகமுத்து வீட்டுக்கும் சேத்து நாந்தான் ஒழைக்கணும்." இப்போது தினமும் தபால்காரருக்காக வாசலில் நிற்கிறார். என் இடுப்பில் தாள் இருக்கிறது. அவர் பக்கத்தில் போகும்போது அது சத்தம் போட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

நான்தான் எழுப்பச் சொல்லிக் கெஞ்சினேன். இப்போது நானே கேட்கிறேன். எழுப்பாதீர்கள். முடியாது என்று எழுதுங்கள். அவர் நம்பும்படி எழுதுங்கள். பெயர் இல்லாமல் கிடந்தாலும், தரையில் வைத்த சோற்றைத் தின்றாலும், ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கட்டும். நான் செய்வது சரியா அண்ணே? செத்தவராக வைத்துத்தான் ஒரு ஆளைக் காப்பாற்ற வேண்டுமா? அம்மா இதைக் கேட்டால் என்னை மன்னிக்காது.

தங்கச்சி,
பிரேமலதா


கேகாலை,
05.06.2003

தங்கச்சிக்கு,

சரியா என்று கேட்டாய். எனக்குத் தெரியாது. நிலாம் நானா கடையை மூடிய பிறகும் அழகமுத்துவின் மாறனுக்கு எழுதிய எண்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவனுக்கு உயிர்ப்புள்ளி இன்னும் பதினொன்று மிச்சம் இருக்கிறது.

இடுப்பில் வைத்திருப்பதை அடுப்பில் போட்டுவிடு. சாம்பலையும் கிளறிவிடு. அழகமுத்துவின் சாவுக்கு உன் கணக்கில் எதையும் எழுதிக்கொள்ளாதே. எழுதத்தான் வேண்டும் என்றால் என் பெயரையும் பக்கத்தில் எழுது.

கீழே உள்ளதை அவன் முன்னால் வாசி. குரல் நடுங்காமல் வாசி.

*

ராசாவுக்கு,

உன் தங்கச்சி எழுதியது எல்லாம் கிடைத்தது. உன்னை எழுப்ப மாட்டேன். உயிர் பூச்சியமானால் முடிந்தது, அதுதான் விதி. ஆனால் உன் அம்மா உன் கையில் காப்பைக் கட்டிவிட்டது, அதனால் உங்கள் களத்து விதியையும் சொல்கிறேன். வெட்டியவன் நான். துணியின் நுனி என் கையில் இருக்கிறது. வேறு யாரும் தூக்க முடியாது, நான் தூக்கப் போவதில்லை. நீ கேகாலைக்கு வந்து கடை வாசலில் நின்றாலும் தூக்க மாட்டேன். என்னைக் களத்திலிருந்து விரட்டியதற்குப் பழி வாங்குகிறான் என்று ஊரில் சொல்லிக்கொள். அப்படியே இருக்கட்டும்.

விழுந்தவன் ஆறு தாண்டக் கூடாது. தாண்டாதே. குழியில் இறங்கக் கூடாது. இறங்காதே. லாபிர் முதலாளிக்கு ஆள் வேண்டுமென்றால் அவர் வேறு ஆள் தேடட்டும். விழுந்தவன் தோட்டத்தில் றப்பர் பால் வெட்டக் கூடாது என்று உங்கள் கூத்தில் ஒரு வரியும் இல்லை, எனக்கு முழுக்கப் பாடம். கணக்கப்பிள்ளையிடம் போய்ப் பெயர் கொடு. பெயர் சொல்ல முடியாது என்றால் தங்கச்சியை விட்டுச் சொல்லச் சொல். அதில் வருவதில் அழகமுத்து வீட்டுக்குக் கொடு.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே உனக்கு ஆத்திரம் வரும். கூட்டாளியா இவன், கல்நெஞ்சுக்காரன் என்பாய். திட்டு. எனக்கு இனிமேல் எழுதாதே, ஆனால் திட்டு. நாளைக்கும் திட்டு, அடுத்த வருசமும் திட்டு. உனக்குத் தலை நரைத்து, பல்லெல்லாம் கொட்டி, திட்டுகிற வார்த்தை வாயில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும் வயது வரும். அப்போதும் அந்த லயத்து வாசலில் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டே இரு.

மெல்வின்